மொட்டை மலையில் இலைச் சட்டை

ராணுவ முகாம் வாசலுக்கு எதிரே லாண்டரி வைத்திருக்கும் அம்மா எதிரியிடம் காசு வாங்கிக்கொண்டு சிப்பாய்களின் சீருடையில் ஏதோ ஒரு பவுடரைக் கலந்து துவைத்துவிட்டாள், அந்தப் பவுடர் இருட்டில் மின்மினிபோல் மின்னியது, மலைமேல் காவலுக்கு நின்ற பையன்கள் பளிச்சென்று தெரிந்தார்கள், சுட்டுவிட்டார்கள். எங்கள் பகுதியில் இரண்டு வருடமாக நோய்நொடி இல்லாமல் உலவிவரும் வதந்தி இது.

நல்ல வதந்திக்குப் பல கிளைகள் இருக்க வேண்டும். இதற்கும் இருந்தன. பேருந்து நிறுத்தத்தில் கேட்டால் அவள் வாங்கியது காசு இல்லை, வெளிநாட்டில் ஒரு வீடு. மருந்துக்கடையில் கேட்டால் அவள் லாண்டரிக்காரியே இல்லை, வேவு பார்ப்பதில் பட்டம் வாங்கியவள். சலூன்காரர் மட்டும் இந்த அலங்காரமெல்லாம் இல்லாமல் சொன்னார். சொன்னபோது அவருடைய கத்தி என் கழுத்தில் இருந்ததால் குறுக்கே பேச வசதியில்லை.

"முகாம்ல முடி வெட்டறது என் மச்சான். அவன் சொன்னா சும்மாவா இருக்கும்?"

மச்சானைத் தேடிப் பிடித்தேன். "எனக்கு யாரு சொன்னாங்கன்னா..." என்று அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க மாமாதான் சொன்னாரு. கடையில நாலு பேரு வந்துபோற இடம் பாருங்க, அவருக்கு எல்லாம் தெரியும்."

இப்படி மாமனும் மச்சானும் ஒருவருக்கொருவர் சாட்சியாக இருந்தே ஒரு பெண்பிள்ளையைத் தேசத்துரோகி ஆக்கியிருந்தார்கள். நேரே அவளையே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

கடைப் பலகையில் 'பளிச் லாண்டரி' என்று இருக்க வேண்டும். 'ச்'சின் புள்ளியைக் காற்று கொண்டுபோய்விட்டது. அந்த அம்மாவைச் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், துரோகி என்று நம்புகிறவர்கள் உட்பட. ஐம்பதைத் தாண்டிய வயது. முழங்கைவரை சோடாவில் ஊறி வெளுத்த கைகள். அதற்கு மேலே வேறு யாருடையதோபோல் கறுத்த தோள்கள். உள்ளே ஒரு பெரிய துவைக்கும் மெஷின். ஆஸ்பத்திரி ஏலத்தில் எடுத்தது; அதன் வயிற்றில் 'பொது வார்டு' என்று சிவப்பு பெயிண்டில் எழுதியது இன்னும் அழியவில்லை. இஸ்திரி மேசைகள் இரண்டு. ஒன்றில் வேலை நடந்தது, மற்றதில் பூனை படுத்திருந்தது. மூலையில் ஒரு டிவி, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சவுண்டு வரலையாக்கா?"

"வரும். நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். அழறது தெரியுது, அறையறது தெரியுது. அதுக்கு மேல அந்தக் கதையில என்ன இருக்கு?" என்றவள் என் கழுத்தைப் பார்த்தாள். "தம்பி உங்க துணியை நீங்களே துவைக்கறீங்களா?"

"ஆமாக்கா."

"துவைக்கறேன்னு வெளிய சொல்லாதீங்க. நனைக்கறீங்க."

எதற்கு வந்தேன் என்று சொன்னேன். கோபப்படுவாள் என்று கதவுப் பக்கமாகவே நின்றிருந்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இப்ப எந்தக் கதை ஓடுது? வீடு வாங்கினதா, நகை வாங்கினதா?" என்று கேட்டாள்.

"வீடு."

"பரவாயில்ல. போன மாசம்வரைக்கும் வெறும் மோதிரமா இருந்துச்சு."

வீடு என்று அவளுக்கு இருப்பது கடைக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறை. அதிலும் பாதியைத் துணிக்கொடி பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மெஷினைத் தவணையில் வாங்கிப் போட்டவர் புருஷன். தவணை முடிவதற்குள் அவர் காணாமல் போனார். செத்துப் போகவில்லை; வேறோர் ஊரில் வேறொருத்திக்கு இப்போது தவணையில் மிக்சி வாங்கிக் கொடுத்திருப்பதாகத் தகவல். "பொருள் வாங்கிக் குடுக்கறதுல அவரு தங்கம். கூட இருக்கறதுதான் வராது" என்றாள். தவணையை அவளே கட்டி முடித்தாள். முதலில் ஆஸ்பத்திரி விரிப்பு, பிறகு விடுதித் தலையணை உறை, கடைசியாக முகாம். முகாமில் அப்போது சாதா காக்கிதான். காக்கியை நன்றாகத் துவைத்தால் ஒருவரும் பாராட்ட மாட்டார்கள் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே மனக்குறை.

பிறகு வந்தது இலை போட்ட சீருடை. உருமறைப்புச் சீருடை என்று அதற்கு அரசாங்கப் பெயர். கரும்பச்சை, இளம்பச்சை, நடுவில் கிளைகள், கிளைகளுக்கு நடுவே நிழல்.

"மொத மூட்டையைப் பிரிச்சப்ப ஏதோ ஹோட்டலோட திரைச்சீலை மாறி வந்துடுச்சுன்னு நினைச்சேன் தம்பி. திருப்பிக் குடுக்கப் போயிட்டேன். அப்பறம்தான் சொன்னாங்க, இனிமே இதுதான், இதைப் போட்டா ஆளே தெரியாதுன்னு."

இதைச் சொல்லிவிட்டுக் கடை வாசல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினாள். முகாமுக்குப் பின்னால், அடிவானம் முழுக்க, அந்த மலை. சுண்ணாம்புக் கல். செடி இல்லை, கொடி இல்லை, பாசிகூட இல்லை. பல் தேய்த்து வைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

"அங்கதான்" என்றாள். "அங்க நின்னாதான் தெரியாதாம்."

இங்கே அவளுடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஒரே பையன். பள்ளிக்கூடம் விட்டால் சித்தி கடைக்கு வந்து சூடான துணி அடுக்கின் மேல் சாய்ந்து தூங்கி, அந்த வாசனையிலேயே வளர்ந்தவன். முகாமில் ஆள் எடுத்தபோது, அங்கே சீருடைக் கணக்கு பார்க்கும் ஸ்டோர்காரரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதும் சித்திதான். சேர்ந்த வருடமே அவனை மலைக்குப் போட்டார்கள். வாராவாரம் மலையிலிருந்து அழுக்கு மூட்டை வண்டியில் இறங்கும். அவன் சட்டை எது என்று அவளுக்குத் தெரியும். பாக்கெட்டில் மிட்டாய்த் தாள் இருக்கும். வேண்டுமென்றே விட்டு அனுப்புவான், உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக.

ஒரு வாரம் மூட்டை இறங்கியது, மிட்டாய்த் தாள் இல்லை. அன்று சாயங்காலம் முகாமிலிருந்து அக்கா வீட்டுக்கு ஆள் போனார்கள்.

"பவுடர் போட்டீங்களா, இல்லையாக்கா?"

"போட்டேன்" என்றாள் பட்டென்று. "பொய் எதுக்கு? விடுதி விரிப்புக்குன்னு ஒருத்தன் கொண்டு வந்து வித்தான். வெள்ளைக்குப் போட்டா வெள்ளை தூக்கலா தெரியும். பச்சைக்குப் போட்டேன், பச்சை தூக்கலா தெரிஞ்சுது. பசங்க போட்டுக்கிட்டு வந்து நின்னா கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பானுங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

"போடக் கூடாதுன்னு சொல்லலையா?"

அவள் முதன்முறையாகத் தயங்கினாள். "சட்டைக்கு உள்ளே, கழுத்துக்கிட்ட ஒரு பட்டி தைச்சிருந்தாங்க. வேத்து பாஷையில பொடிப்பொடியா எழுத்து. கழுத்துல குத்துது சித்தின்னு அவன் சொன்னான். குத்துது அம்மான்னு மத்த பசங்களும் சொன்னாங்க. உக்காந்து ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்துட்டேன். யாரும் கேக்கல, கூலியும் இல்ல. நானா செஞ்சேன்."

பளபளப்புப் பவுடர் போடாதீர்கள், போட்டால் இருட்டில் பார்க்கும் கண்ணாடிக்கு இந்தத் துணி விளக்குப்போல் தெரியும் என்றுதான் அந்தப் பட்டியில் இருந்ததாம். விசாரணைக்குழு வந்தது, கடையைப் பார்த்தது, பவுடர் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனது. சீருடையில் குறை இல்லை, குறை சலவையில் என்று எழுதியது. முகாம் வேலை போயிற்று. ஒரு மேசை பூனைக்குப் போயிற்று. அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சாவு வீட்டு வாசலில் அக்கா அவளை உள்ளே விடவில்லை. அன்றைக்கு அடைத்த கதவு இன்றுவரை திறக்கவில்லை.

"எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும் தம்பி. அந்தப் பவுடர் இருட்டுலதான் ஆளைக் காட்டிக் குடுக்குமாம். பகல்ல அது வெறும் பவுடர். அவனைச் சுட்டது ராத்திரியா பகலா? தேதி சொல்றாங்க, நேரம் சொல்ல மாட்டேங்கறாங்க. ராத்திரின்னா நான்தான். ஒத்துக்கறேன். பகல்னா... நான் போய் அவ கதவைத் தட்டலாம் இல்ல?"

இவ்வளவுதான் கேள்வி. ராத்திரியா பகலா என்பது ஒரு நாட்டில் யாரைக் கேட்டாலும் தெரியக்கூடிய விஷயம் என்று நானும் நம்பினேன்.

சீருடையைத் தேர்ந்தெடுத்த குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று அருகிலேயே இருக்கிறார். விசாரணைக்குழுவிலும் அவர் இருந்தார். தேர்ந்தெடுத்தவரே விசாரித்தால்தான் விஷயம் நன்றாகப் புரியும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறது. அவர் வீட்டுத் தோட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. குழாயைப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே பேசினார்.

"எங்களைக் குறை சொல்றவங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும் சார். நாங்க சும்மா படத்தைப் பார்த்து எடுக்கல. சோதனை பண்ணிப் பார்த்து எடுத்தோம்."

"மலையிலயா?"

"மலைக்கு ரோடு சரியில்ல சார். குழுவுல ரெண்டு பேருக்கு முழங்கால் வலி. தலைமை அலுவலகத் தோட்டத்துல பண்ணினோம். ஒரு சிப்பாய்க்கு அந்த டிரஸ்ஸைப் போட்டு, போய் ஒளிஞ்சுக்கோப்பான்னு அனுப்பினோம். அரை மணி நேரம் தேடினோம் சார்! எல்லாரும் படிச்சவங்க, கண்ணாடி போட்டவங்க. கண்டே பிடிக்க முடியல. எங்க தலைவர் கைதட்டிட்டார். அங்கயே கையெழுத்து போட்டோம்."

"அப்பறம் அந்தச் சிப்பாய் எங்கேருந்து வெளிய வந்தார்?"

அவர் குழாயை ரோஜாவிலிருந்து பக்கத்துச் செடிக்கு மாற்றினார். "கேன்டீன்லேருந்து. பசிச்சுதாம், போயிட்டானாம். அதுக்காகத் துணி மோசம்னு ஆயிடுமா? அதுக்குள்ள கையெழுத்தும் ஆயிடுச்சு."

"மலை வெள்ளையா இருக்கே சார்?"

"பாருங்க, இந்த டிசைன் வெளிநாட்டுல எவ்வளவு பெரிய ராணுவம் போடற டிசைன் தெரியுமா? அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?"

"அவங்க ஊர்ல காடு இருக்கும்."

"நமக்கும் வரும். மலையில மரம் நடற திட்டம் ஒண்ணு இருக்கு."

சீருடைக்குப் பொருத்தமாக நிலத்தைத் தைத்துக்கொள்ளலாம் என்ற இந்த யோசனையின் அழகில் நான் கொஞ்ச நேரம் சொக்கி நின்றுவிட்டேன். பிறகுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. "அந்தப் பையனைச் சுட்டது பகல்லயா ராத்திரியிலயா சார்?"

"அது எங்க விசாரணை வரம்புக்குள்ள வரல" என்றார். "சலவையைப் பத்தி மட்டும்தான் பார்க்கச் சொன்னாங்க. நாங்க சலவையை மட்டும்தான் பார்த்தோம்." வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை அவ்வளவு வெண்மையாக இருந்தது. எங்கே துவைக்கிறார் என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டேன்.

அந்தப் பையனோடு மலையில் இருந்த ஒருவரைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. ராணுவத்தை விட்டுவிட்டு இப்போது ஒரு பெரிய செருப்புக்கடை வாசலில் காவலாளியாக நிற்கிறார். நீல உடுப்பு, தோளில் தங்கக் கயிறு. பேசும்போதே யாராவது வந்தால் கதவைத் திறந்து சல்யூட் அடிப்பார். கதவு மூடியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

"இந்த யூனிஃபார்ம்தாண்ணே எனக்குச் சரியா அமைஞ்சுது. ஆள் நிக்கறது எல்லாருக்கும் தெரியணும்னு குடுத்திருக்காங்க. தெரியுது. அங்க தெரியக் கூடாதுன்னு குடுத்தாங்க, ஆனா..." சல்யூட். "வாங்க மேடம், லேடீஸ் செக்‌ஷன் மாடியில... ஆனா அந்த மலையில இருந்த ஒரே மரம் நாங்கதாண்ணே. வெயிலுக்கு எதிரியே எங்க நிழல்ல வந்து உக்காருவான்னு உங்க பையன் சொல்லுவான்."

"எங்க பையன் இல்ல. லாண்டரிக்காரம்மாவோட அக்கா பையன்."

"தெரியும்ணே. செம வாயி அவனுக்கு. காலையில எழுந்ததும் 'என்னடா, இன்னிக்குப் பூ பூத்திருக்கியா?'ன்னுதான் கேப்பான்." அவர் சிரிக்கவில்லை. "நாங்க ஒரு வழி பண்ணி வச்சிருந்தோம். புதுசோ சலவையோ, சட்டை வந்தா மொத நாளே தண்ணியில நனைச்சுப் போட்டுக்கிட்டு சுண்ணாம்புத் தூள்ல உருளுவோம். கழுதை உருளற மாதிரி. ரெண்டு நாள் உருண்டா பச்சை போயி மலைக் கலர் வந்துடும். அதுக்கப்பறம் யாரு எங்க நிக்கறான்னு எங்களுக்கே தெரியாது. அழுக்கா இருந்த வரைக்கும் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலண்ணே."

"அப்பறம்?"

"பெரிய ஆபீசர் பார்வையிட வர்றாருன்னு தகவல் வந்துச்சு. எல்லாரும் சுத்தமா நிக்கணும், ஒருத்தன் மேலயும் தூசி இருக்கக் கூடாதுன்னு உத்தரவு. அழுக்கையெல்லாம் வாங்கிக்கிட்டு, கீழே லாண்டரியிலேருந்து வந்த சலவைத் துணியைக் குடுத்தாங்க. என்னா சலவைண்ணே அது! மடிப்புல கை வெச்சா கீறிடும்." சல்யூட். "வாங்க சார்... ஆபீசருக்காகக் காத்துக்கிட்டு வரிசையா நின்னோம். அவரு வரல. ரோடு சரியில்லன்னு பாதி வழியிலயே திரும்பிட்டாரு. அது எங்களுக்குத் தெரியாது. தண்ணி கொண்டு வர்றேன்னு இவன் தொட்டிப் பக்கம் போனான். நல்ல வெயிலு. உச்சி வெயிலுண்ணே. வெள்ளைத் தாள்ல பச்சை மை கொட்டின மாதிரி நடந்து போனான்."

"ராத்திரி இல்லையே?"

"ராத்திரியா? யாரு சொன்னா? நிழல்கூட விழல, அப்படி ஒரு பகல்."

தகவல் கையில் கிடைத்துவிட்டது. பவுடர் கொல்லவில்லை. பளிச்சக்கா எதிரியிடம் வீடும் வாங்கவில்லை, மோதிரமும் வாங்கவில்லை. வதந்தி செத்துவிட்டது என்று சந்தோஷமாகப் பாதி வழி வந்த பிறகுதான் மற்றது உறைத்தது. பவுடர் கொல்லவில்லை. சலவை கொன்றிருக்கிறது. அவள் கை இவ்வளவு நல்ல கையாக இல்லாமல் கொஞ்சம் அரைகுறைக் கையாக இருந்திருந்தால், மலையின் சுண்ணாம்பு தையலோரமாவது மிச்சம் இருந்திருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொல்ல வேண்டிய இடம் முதலில் அக்கா வீடுதான் என்று பட்டது. அங்கே பகல் என்ற ஒரு வார்த்தை மட்டும் போதும். மற்றதை நானே வைத்துக்கொள்ளலாம்.

அக்கா வீடு மூன்றாவது மாடியில். வீடு முழுக்க மருந்து டப்பா அட்டைகள். ஒரு மருந்துக் கம்பெனிக்கு அட்டையை மடித்துப் பெட்டியாக்கிக் கொடுக்கிறாள். என்னை உட்காரச் சொன்னாள், கை மட்டும் நிற்கவில்லை. மடி, நுழை, அழுத்து, போடு. தங்கையைவிட மெலிந்தவள், ஆனால் அதே மாதிரி ஆளின் காலரைத்தான் முதலில் பார்த்தாள்.

வந்த விஷயத்தைச் சுற்றிவளைத்துச் சொல்லி, கடைசியில் ஒரு வழியாக, "பகல்லதான்மா நடந்திருக்கு" என்று முடித்தேன்.

"தெரியும்" என்றாள்.

நான் விழித்தேன்.

"அவன்கூட இருந்த பையன், செருப்புக்கடையில நிக்கறானே, பதினாறாம் நாளே வந்து எல்லாம் சொல்லிட்டுப் போயிட்டான். பகலு, வெயிலு, தண்ணித் தொட்டி, எல்லாம் தெரியும்." மடி, நுழை, அழுத்து.

"அப்பறம் ஏம்மா தங்கச்சிகிட்ட பேசாம..."

"வேற யாருகிட்ட பேசாம இருக்கச் சொல்றீங்க?" என்றாள். சத்தம் போடவில்லை, விலை கேட்பதுபோல் கேட்டாள். "சொல்லுங்க தம்பி. பெத்த பிள்ளையைக் குடுத்துட்டு நான் யார்மேலயாவது கோபமா இருக்கணுமா வேண்டாமா? குழுமேல கோபப்பட்டா குழுவுக்கு வலிக்குமா? குழுவோட வீடு எங்க இருக்கு? ஒரு நாள் முகாமுக்குப் போய் கத்தினேன். டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சாங்க. அந்தத் துணியை எடுத்தவன் எவன்னு எனக்கு மூஞ்சியே தெரியாது. இவ மூஞ்சி தெரியும். பொறந்ததுலேருந்து தெரியும். நான் பேசலைன்னா ராத்திரி தூங்க மாட்டா, சோறு இறங்காது, அதுவும் எனக்குத் தெரியும். என் கோபம் போய்ச் சேர்ற விலாசம் அது ஒண்ணுதான் இருக்கு."

"அவங்க பாவம் இல்லையாம்மா?"

"பாவம்தான். நான் இல்லன்னா சொன்னேன்?" ஒரு டப்பாவின் மூலை கிழிந்தது. அதை ஓரமாகப் போட்டாள். "அவனைக் கொண்டு வந்தப்ப உடம்புல புதுசா ஒரு செட்டு இலைச் சட்டை மாட்டியிருந்தாங்க. இஸ்திரி போட்டு. அதைக் கழட்டுங்க, வீட்டுச் சட்டை போடறேன்னேன். விதியில இடம் இல்லைன்னாங்க. புதைச்ச இடத்துல புல்லு நல்லா வளந்திருக்கு. அங்கதான் தம்பி அந்தச் சட்டை பொருந்துச்சு."

எழுந்து வந்தேன். மாடிப்படி இறங்கும்போது, "அவகிட்ட போய் எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க" என்றோ "சொல்லிடுங்க" என்றோ பின்னாலிருந்து குரல் வரும் என்று எதிர்பார்த்தேன். அட்டை மடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் லாண்டரிக்குப் போனபோது பளிச்சக்கா எனக்காக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

"பகல்தான்கா" என்றேன்.

அவள் இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டாள். பூனை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

"பவுடர் இல்ல."

"பவுடர் இல்லக்கா."

"பகல்ல பச்சையைப் பார்த்துச் சுட்டான்."

"ஆமா."

சந்தோஷப்படப் போகிறாள் என்று நினைத்தேன். துணியைத் துவைத்தே வாழ்ந்தவளுக்குக் கறை எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று தெரியாதா? "அந்த வாரம் நான் அனுப்பின மூட்டை ரொம்ப நல்லா வந்திருந்துச்சு" என்றாள் மெதுவாக. "பெரிய ஆபீசர் வர்றாரு, ஒரு புள்ளி இருக்கக் கூடாதுன்னு ஸ்டோர்காரர் சொல்லி அனுப்பினாரு. ரெண்டு தடவை அலசினேன். அதைத்தானே போட்டிருந்தான்?"

நான் டிவியைப் பார்த்தேன். அதில் யாரோ யாரையோ அறைந்துகொண்டிருந்தார்கள்.

"சரி" என்றாள். "அக்காவைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பகல்னு சொன்னீங்களா?"

"அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்கா."

இஸ்திரிப் பெட்டியின் கீழே யாருடைய சட்டையோ கொஞ்சம் தீய்ந்த வாசனை வந்தது. அவள் கடையில் அப்படி ஒரு வாசனையை நான் அதற்கு முன் கண்டதில்லை. பெட்டியைத் தூக்கி வைத்தாள். அக்கா சொன்ன விலாசத்துக் கணக்கை ஒன்றும் விடாமல் சொன்னேன். மறைக்க எனக்குத் தெம்பில்லை. கேட்டு முடித்தவள், "அதுவும் சரிதான்" என்றாள். "வேற யாருகிட்ட போவா? சின்ன வயசுலயும் அப்படித்தான். வெளிய யாராவது அடிச்சா வந்து என்னை அடிப்பா. நான் திருப்பி அடிக்க மாட்டேன்னு தெரியும்."

பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பழைய படுக்கை விரிப்பில் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு செட்டு இலைச் சட்டை. சலவை ஆகாதது. சுண்ணாம்பு ஏறி, வெளுத்து, விறைத்து, பச்சை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஜன்னலோரம் வெள்ளைச் சுவரில் சாய்த்து வைத்தாள். நிஜமாகவே கண்ணுக்குத் தெரியவில்லை.

"அந்த ஆபீசர் வர்றதுக்காக அவங்கிட்டேருந்து கழட்டி வாங்கினது. மிட்டாய்த் தாள் இல்லாம இறங்கின அந்த மூட்டையில வந்துச்சு, அளவை வச்சு அவனோடதுன்னு கண்டுபிடிச்சேன். துவைக்க மனசு வரல. பகல்னு தெரிஞ்சதும் அக்காகிட்ட கொண்டு குடுக்கலாம்னு வச்சிருந்தேன்." மறுபடி சுற்றினாள். "இனிமே அவளுக்கு எதுக்கு?"

அந்த நேரத்தில்தான் ஸ்டோர்காரர் உள்ளே வந்தார். முகாம் வேலை போனாலும் அவருடைய சொந்தச் சட்டைகள் இங்கேதான் வருகின்றன. வேறு யாருக்கும் மடிப்பு சரியாக விழாதாம். நல்ல மனிதர், கணக்கில் மட்டும் கறார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பையைக் கீழே வைத்தார்.

"அக்கா, தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. கணக்கு முடிக்கற நேரம். உங்ககிட்டேருந்து ஒரு செட்டு மட்டும் திரும்பி வரல. சட்டை ஒண்ணு, பேன்ட் ஒண்ணு. மேலேருந்து குடைச்சல் குடுக்கறாங்க. துவைச்சு மடிச்சுக் குடுத்தீங்கன்னா புதுசா சேர்ற யாருக்காவது..."

"யாருக்காவது போட்டு மலைக்கு அனுப்புவீங்க."

"அது என் கையில இல்லையேக்கா."

"எனக்கும் தெரியும். எதுவும் யாரு கையிலயும் இல்ல." அவள் மறுபடி ஸ்டூலில் ஏறிப் பொட்டலத்தை அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத ஆழத்துக்குத் தள்ளினாள். ஸ்டூலை விட்டு இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டாள், சுண்ணாம்பு பறந்தது.

"அப்ப எப்ப வரட்டும்க்கா?"

"சொல்லி அனுப்பறேன். இன்னும் காயல."